ஊக்கு மோட்டாரும் ‘பிரஷ் இல்லாத’ ஃபேனும்

சீலிங் ஃபேன்களுக்கு மின்சிக்கன நட்சத்திர முத்திரை இந்தியாவில் 2023 ஜனவரியில் கட்டாயமானது. அதன் பிறகு ஃபேன் வாங்கப் போகிறவர்களை ஒரு சுருக்கப் பெயர் குழப்பிக்கொண்டிருக்கிறது: பிஎல்டிசி. சாதாரண ஃபேன் 75 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். இது 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தந்துவிடும். விலைதான் கணிசமாகக் கூடுதல். காரணம் கேட்டால், “இதில் பிரஷ் கிடையாது, அதனால் கரண்ட் மிச்சம்” என்பதே கடைகளில் கிடைக்கும் வழக்கமான பதில். ‘பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்’ என்பதுதான் அந்தச் சுருக்கத்தின் விரிவு என்பதால் பதில் சரியென்றே தோன்றும். பிரஷ் என்பது மோட்டாரின் சுழலும் பகுதியை உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கட்டி. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கூரையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனிலும் பிரஷ் கிடையாது. என்றுமே இருந்ததில்லை.

அப்படியானால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறது? மிச்சம் எங்கிருந்து வருகிறது? விடை தேட ஃபேனைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், ஒன்றேகால் மீட்டர் செம்புக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யும் மோட்டார் போதும். எல்லா மோட்டாரிலும் உள்ள ஒரே கடினமான பிரச்சினை அதில் மறைப்பின்றித் தெரியும்.

## கம்பியைத் தள்ளுவது எது

1820இல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் இருந்த திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிலும் காந்தத்தன்மை உண்டாகிறது என்பது அதன் பொருள். கம்பி காந்த ஊசியைத் தள்ளுகிறது என்றால், காந்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால் கம்பி தள்ளப்பட வேண்டும் அல்லவா? அடுத்த ஆண்டே லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து காட்டினார். பாதரசக் கிண்ணத்தின் நடுவே நின்ற காந்தத்தை, மேலிருந்து தொங்கிய கம்பி ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

இதற்கு மேல் தேவைப்படும் விதி ஒன்றுதான். காந்தத்தின் பாதிப்பு பரவியிருக்கும் வெளியைக் காந்தப்புலம் என்கிறோம். அந்தப் புலத்துக்குக் குறுக்கே மின்சாரம் ஓடும் கம்பி இருந்தால் அதன் மீது ஒரு விசை செயல்படும். அந்த விசை மின்சாரத்தின் திசையிலும் இருக்காது, புலத்தின் திசையிலும் இருக்காது. இரண்டுக்கும் செங்குத்தாகப் பக்கவாட்டில் இருக்கும். பள்ளியில் இடது கையின் மூன்று விரல்களை முறுக்கிக்கொண்டு படித்த பிளெமிங் விதி இதுவே. விசையின் அளவு, புலத்தின் வலிமை, மின்னோட்டம், புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கல்.

கம்பியை வளையமாகச் சுற்றினால் அது சுருள். சுருளின் ஒரு பக்கத்தில் மின்சாரம் போகிறது, எதிர்ப்பக்கத்தில் திரும்பி வருகிறது. ஆகவே ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் தள்ளப்படும்; சுருள் திரும்பும். இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். மின்சாரம் பாயும் சுருள், ஒரு முகம் வடமுனையாகவும் மறுமுகம் தென்முனையாகவும் உள்ள தட்டையான காந்தம். அருகில் இன்னொரு காந்தம் இருந்தால், எதிர்முனைகள் நேருக்கு நேர் வரும்வரை அது திரும்பும்.

## திரும்பும், ஆனால் சுழலாது

மோட்டார் என்றால் காந்தம் இழுக்கிறது, சுழல்கிறது என்று பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் இழுப்பதால் மட்டும் எதுவும் சுழலாது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. சுருளுக்கு மின்சாரம் கொடுத்ததும் அதன் வடமுகம் காந்தத்தின் தென்முனையை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது.

2. இரண்டும் நேருக்கு நேர் வந்ததும் திருப்பும் விசை சுழியமாகிவிடுகிறது.

3. வந்த வேகத்தில் சுருள் அந்த இடத்தைத் தாண்டினாலும் விசை இப்போது எதிர்த்திசையில் செயல்பட்டு அதைத் திரும்ப இழுக்கிறது.

4. ஆகவே சுருள் இப்படியும் அப்படியும் ஆடி, திசைகாட்டி ஊசி வடக்கே நிற்பதைப் போல ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. சுருள் அந்த இடத்தை அடையும் கணத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மீதி அரைச்சுற்றைச் சுருள் தன் வேகத்திலேயே கடக்க விடலாம். அல்லது அதே கணத்தில் மின்சாரத்தின் திசையை மாற்றி, இதுவரை இழுத்த முனை இனித் தள்ளும்படி செய்யலாம். இரண்டாவது வேலையைச் செய்யும் உறுப்புக்குத் திசைமாற்றி என்று பெயர். இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் 1832இல் திசைமாற்றி கொண்ட மோட்டாரைச் செய்தார். ஃபாரடேயின் பாதரசக் கிண்ணத்துக்குத் திசைமாற்றி தேவைப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வகை மோட்டாரில் ஒரே ஒரு கம்பியின் பலம்தான் கிடைக்கும். சுருளாகச் சுற்றிப் பலத்தைப் பெருக்க வழியில்லை. தண்ணீர் இறைக்கவும் மாவரைக்கவும் சுருள் வேண்டும். சுருள் வந்தால், சரியான கணத்தில் மின்சாரத்தை மாற்றும் ஏற்பாடும் கூடவே வர வேண்டும்.

இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் அந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான்.

## வீட்டில் செய்யும் முறை

தேவையானவை: டார்ச்சில் போடும் பெரிய 1.5 வோல்ட் செல் ஒன்று (ஆல்கலைன் வகை நன்று), எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றேகால் மீட்டர், பெரிய ஊக்கு இரண்டு, காந்தம் ஒன்று, உப்புத்தாள், அகலமான ரப்பர் பேண்ட். கம்பி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும். பழைய ஸ்பீக்கரின் பின்புறம் உள்ள கறுப்பு வளையமோ, கடையில் விற்கும் சிறிய காந்தமோ எதுவானாலும் சரி. வெள்ளி போல் மின்னும் சிறிய நியோடிமியக் காந்தங்கள் மிக வலுவானவை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைக் கவனமாக வைக்க வேண்டும். இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

1. கம்பியின் இரு முனைகளிலும் ஐந்து சென்டிமீட்டர் விட்டுவிட்டு, மீதியைச் செல்லின் உடல் மீதே பத்துச் சுற்று சுற்றவும். வளையத்தை மெதுவாக உருவி எடுக்கவும்.

2. சுருள் கலையாதபடி ஒவ்வொரு முனையையும் வளையத்தின் மீது இரண்டு முறை முடிச்சாகச் சுற்றி, எதிரெதிர்த் திசையில் நேராக வெளியே நீட்டவும். இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மோட்டாருக்கு அதுவே அச்சு.

3. ஒரு முனையின் எனாமலை உப்புத்தாளால் முழுவதுமாகத் தேய்த்து நீக்கவும். செம்பு நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

4. இப்போது சுருளை மேசை விளிம்பில் செங்குத்தாக, நிற்கும் சக்கரம் போல, பிடிக்கவும். மற்ற முனையை மேசை மீது படியவைத்து, அதன் மேல் பாதியில் உள்ள எனாமலை மட்டும் தேய்க்கவும். கீழ்ப்பாதியில் எனாமல் அப்படியே இருக்கட்டும்.

5. செல்லின் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊக்கை நிமிர்த்தி வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கவும். ஊக்கின் சிறிய வளையம் மேலே இருக்க வேண்டும். காந்தத்தைச் செல்லின் உடல் மீது வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

6. சுருளின் இரு முனைகளையும் ஊக்கு வளையங்களுக்குள் நுழைத்து, காந்தத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே சுருள் உரசாமல் சுழலும்படி உயரத்தைச் சரிசெய்யவும். விரலால் லேசாகச் சுண்டிவிடவும்.

ஒரு திசையில் சுண்டியும் ஓடாவிட்டால் மறு திசையில் சுண்டிப் பார்க்கவும். இதைச் செல்லை வைத்து மட்டுமே செய்ய வேண்டும். வீட்டு மின் இணைப்பில் ஒருபோதும் செய்யக் கூடாது. கைபேசியிலும் பவர் பேங்கிலும் உள்ள லித்தியம் பேட்டரியையும் தொட வேண்டாம். இந்தச் சுருள் அதற்கு ஏறக்குறைய நேரடிக் குறுக்கிணைப்பு போன்றது.

## ஏன் பாதி மட்டும்?

செய்து பார்ப்பவர்களில் பலருக்கு முதல் முறை சுழலாது. செல் பழையது, காந்தம் போதவில்லை என்று இரண்டையும் மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தவறு உப்புத்தாளில் இருக்கும்.

இரு முனைகளையும் முழுவதுமாகத் தேய்த்துவிட்டால் மின்சாரம் நிற்காமல் ஓடும். மேலே நான்கு படிகளில் சொன்ன அதே கதை நடக்கும்: சுருள் திரும்பும், ஆடும், நின்றுவிடும். பாதி எனாமலை விட்டால், சுற்றின் ஒரு பாதியில் செம்பு ஊக்கைத் தொடுகிறது, மின்சாரம் ஓடுகிறது. மறு பாதியில் எனாமல் தொடுகிறது, மின்சாரம் நிற்கிறது. நின்ற நேரத்தைச் சுருள் தன் வேகத்தில் கடந்து வருகிறது. ஊஞ்சலை ஆட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தில் மட்டும் தள்ளுவதைப் போல.

எந்தப் பாதி என்பது அதைவிட நுட்பமானது. காந்தம் கீழே இருக்கிறது. அதன் புலம் மேல்நோக்கி எழுகிறது. சுருள் செங்குத்தாக நிற்கும்போது திருப்பும் விசை மிக அதிகம். சுருள் படுக்கைவாட்டில் கிடக்கும்போது அது சுழியம். ஆகவே மின்சாரம் ஓடும் அரைச்சுற்று, ஒரு படுத்த நிலையில் தொடங்கி, செங்குத்து நிலையைக் கடந்து, அடுத்த படுத்த நிலையில் முடிய வேண்டும். சுருளைச் செங்குத்தாகப் பிடித்து மேல் பாதியைத் தேய்த்தால் இது தானாகவே அமைந்துவிடும். மாறாக, சுருளை மேசையில் படுக்கவைத்துக்கொண்டு தேய்த்தால் (அதுதான் வசதி என்பதால் பலரும் அப்படித்தான் தேய்க்கிறார்கள்), மின்சாரம் ஓடும் நேரத்தின் முதல் பாதியில் ஒரு திசையிலும் பின்பாதியில் எதிர்த்திசையிலும் விசை செயல்படும். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போகும். சுருள் நடுங்கும், ஓடாது.

அந்தச் சிறு எனாமல் கீற்று சுருளின் நிலையை ‘அறிந்து’ மின்சாரத்தை நிறுத்துகிறது. மோட்டாரின் மூளை என்று எதையாவது சொல்லலாம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

## எவ்வளவு பலம், எவ்வளவு சூடு

ஒரு தோராயக் கணக்கு. சுருளுக்கு அருகில் புலம் 0.05 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு), மின்னோட்டம் 2 ஆம்பியர், காந்தத்துக்கு மேலே இருக்கும் கம்பி ஒரு சுற்றுக்கு 2.5 சென்டிமீட்டர் வீதம் பத்துச் சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் விசை 0.025 நியூட்டன். இரண்டரை கிராம் எடைக்குச் சமம். சுருளின் எடையும் ஏறக்குறைய இரண்டு கிராம்தான். அதனால்தான் அது அவ்வளவு உற்சாகமாகச் சுழல்கிறது. அதனால்தான் அதை வைத்து வேறு எந்த வேலையும் செய்ய முடியாது.

சூட்டின் கணக்கு வேறு. ஒன்றேகால் மீட்டர் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.1 ஓம். 1.5 வோல்ட்டை அதனால் வகுத்தால் 15 ஆம்பியர் வரும். செல்லின் உள்தடையும் ஊக்கின் தொடுதடையும் சேர்ந்து அதைச் சில ஆம்பியர்களுக்குள் அடக்குகின்றன. செம்பு ஊக்கைத் தொடும் நிலையில் சுருளைச் சற்று நேரம் பிடித்து நிறுத்தினால் கம்பியும் செல்லும் சுடத் தொடங்கும். அப்படி விட்டு வைக்கக் கூடாது.

சுழலும் மோட்டாருக்கும் பிடித்து நிறுத்திய மோட்டாருக்கும் உள்ள இந்த வேறுபாடு பெரிய மோட்டார்களில் இன்னும் கடுமையாகத் தெரியும். காந்தப்புலத்தில் சுழலும் எந்தச் சுருளும், தான் மோட்டாராக இருந்தாலும், ஒரு ஜெனரேட்டரும்கூட. சுழலும்போது அதற்குள் உண்டாகும் மின்னழுத்தம் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை எதிர்க்கிறது. இதற்கு எதிர் மின்னழுத்தம் என்று பெயர். வேகமாக ஓடும் மோட்டார் குறைவான மின்சாரம் எடுப்பது இதனால்தான். மோட்டார் சிக்கி நின்றால் எதிர்ப்பு மறைந்து, மின்னோட்டம் பல மடங்கு பாயும். மிக்ஸியில் கெட்டியான மாவு சிக்கி மோட்டார் திணறும்போது அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது, அந்த மின்னோட்டத்தில் காயில் எரிந்துவிடாமல் காக்கத்தான்.

## மிக்ஸி, ஃபேன், பிஎல்டிசி: மாற்றுவது யார்?

இப்போது வீட்டிலுள்ள மோட்டார்களிடம் அதே கேள்வியைக் கேட்கலாம்: சரியான கணத்தில் மின்சாரத்தை மாற்றுவது யார்?

மிக்ஸியில் மாற்றுவது பிரஷ். ஊக்கு மோட்டாரின் நேரடி உறவினர் இதுதான். சுழலும் அச்சில் செம்புத் துண்டுகள் வரிசையாகப் பதிந்த உருளை ஒன்று இருக்கும், அதுவே திசைமாற்றி. அதன் மீது இரண்டு கார்பன் கட்டிகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உரசிக்கொண்டிருக்கும். அவற்றுக்குத்தான் பிரஷ் என்று பெயர். தொடக்க காலத்தில் உண்மையாகவே செம்பு இழைகளைத் தூரிகை போலக் கட்டிப் பயன்படுத்தினார்கள். பொருள் மாறியும் பெயர் நின்றுவிட்டது. மிக்ஸியில் நிலைக்காந்தமும் கிடையாது. சுழலும் சுருள், நிற்கும் சுருள் இரண்டிலும் ஒரே மின்சாரம் ஓடுவதால், வீட்டு மின்சாரத்தின் திசை மாறும்போது இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. சுழலும் திசை மாறுவதில்லை. காற்றோட்டத் துளை வழியே தெரியும் நீலப் பொறி, பிரஷ் உரசும் இடத்தில் உண்டாவது. பிரஷ் தேயும், மாற்ற வேண்டிவரும்.

இதே வகையில் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை பொம்மைக் கார்களின் சிறிய மோட்டார்கள். அவற்றில் பெரும்பாலும் மூன்று சுருள்கள் இருக்கும். நம் ஊக்கு மோட்டாரைச் சுண்டிவிட வேண்டியிருந்தது அல்லவா? மூன்று சுருள்கள் இருந்தால் எந்த நிலையில் நின்றிருந்தாலும் ஒன்றாவது தள்ளப்படும்.

பழைய சீலிங் ஃபேனில் மாற்றுவது மின்வாரியம். வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியாக, 100 முறை தானாகவே திசை மாறுகிறது. இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்ட வழி இது. டெஸ்லாவுக்குக் காப்புரிமை கிடைத்தது 1888இல். நேரத்தில் சற்று முன்பின்னாக மாறும் இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்தால், எதுவும் அசையாமலேயே காந்தப்புலம் சுழல்வது போலாகிவிடும். ஃபேனில் இந்த நேர இடைவெளியை உண்டாக்குவது நாம் கண்டன்சர் என்று சொல்லும் சிறு டப்பா. சுழலும் புலம், ஃபேனின் வெளிக்கூட்டில் பதிந்துள்ள அலுமினியப் பட்டைகளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. பட்டைகள் காந்தமாகிப் புலத்தின் பின்னால் ஓடுகின்றன. சுழலும் பகுதிக்குக் கம்பி எதுவும் போகவில்லை. அதனால் பிரஷுக்கு வேலையே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. புலத்தின் அதே வேகத்தில் கூடு ஓடினால் பட்டைகளில் மின்சாரம் தூண்டப்படாது, இழுவையும் இருக்காது. ஆகவே அது எப்போதும் பின்தங்கியே ஓட வேண்டும். 14 காந்த முனைகள் அமையச் சுற்றிய ஃபேனில் புலம் நிமிடத்துக்கு 428 சுற்று சுழலும். இறக்கையோ அதைவிடக் கணிசமாகக் குறைவாகச் சுழலும். அந்த வித்தியாசம் முழுவதும் பட்டைகளில் சூடாகப் போகிறது. நெடுநேரம் ஓடிய ஃபேனின் நடுப்பகுதி சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிணற்று மோட்டாரும் இந்த வகையே. மின்னழுத்தம் குறைந்தால் அது மேலும் பின்தங்கும், மேலும் மின்சாரம் இழுக்கும், கடைசியில் காயில் எரியும்.

பிஎல்டிசி ஃபேனில் மாற்றுவது ஒரு சில்லு (சிப்). ஊக்கு மோட்டாரை உள்வெளியாகப் புரட்டிப் பாருங்கள்: சுருள் அசையாமல் நிற்கிறது, நிலைக்காந்தங்கள் வெளிக்கூட்டில் ஒட்டிக்கொண்டு அதைச் சுற்றிவருகின்றன. உள்ளே வரும் மாறுமின்னோட்டம் முதலில் நேர்மின்னோட்டமாக்கப்படுகிறது. பிறகு எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதைச் சில்லின் கட்டளைப்படி மின்னணு ஸ்விட்சுகள் முடிவு செய்கின்றன. காந்தம் எங்கே இருக்கிறது என்பதை ஓர் உணரியிலிருந்தோ (சென்சார்), சும்மா இருக்கும் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்திலிருந்தோ சில்லு அறிந்துகொள்கிறது. எனாமல் கீற்று செய்த வேலைதான்.

ஆக, ‘பிரஷ் இல்லாத’ என்ற பெயர், பிரஷ் வைத்த நேர்மின்னோட்ட மோட்டாரிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல வந்த பெயர். மின்சார ஸ்கூட்டருக்கும் கணினி விசிறிக்கும் அது பொருத்தமான ஒப்பீடு. சீலிங் ஃபேனுக்கு அந்த ஒப்பீடே பொருந்தாது. ஃபேனில் மிச்சம் வருவது வேறு இடத்திலிருந்து: நிலைக்காந்தம் இருப்பதால் வெளிக்கூட்டைக் காந்தமாக்க மின்சாரம் செலவழிவதில்லை, பின்தங்கி ஓடவும் தேவையில்லை.

## பில்லிலும் பழுதிலும்

75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். 30 வாட் ஃபேன் 0.36 யூனிட். வித்தியாசம் 0.54, தமிழ்நாட்டின் இரண்டு மாத பில் கணக்கில் 32 யூனிட். வீட்டில் நான்கு ஃபேன் இப்படி ஓடினால் 130 யூனிட் அளவுக்கு வரும். பயன்பாடு ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறும் முறையில் இந்த மிச்சம் மேல்படியிலிருந்து கழிவதால், அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கே பயன் அதிகம். எப்போதாவது விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறைக்குக் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதில் பொருளில்லை.

பழுது பற்றிக் கடைகளில் அதிகம் பேச மாட்டார்கள். பழைய ஃபேனில் காயில் எரிந்தால் தெருமுனையில் கட்டிக்கொள்ளலாம். கண்டன்சரை வீட்டிலேயே மாற்றுகிறவர்களும் உண்டு. பிஎல்டிசியில் மின்னணுப் பலகை போனால் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பலகைதான் வேண்டும். எனவே பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு வாங்குவது நல்லது. சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கழற்றிவிட்டு நேரடியாக இணைத்து, ரிமோட்டில் வேகத்தை மாற்ற வேண்டும்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காகப் புதியது வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கண்டன்சரைப் பார்க்கலாம். பெரும்பாலான ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். பழையதன் மீது எழுதியுள்ள அதே மதிப்பில் மாற்ற வேண்டும். வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளை வெறுங்கையால் தொடாமல் இருப்பது அவசியம்.